குழந்தை ராத்திரி குறட்டை விடுதா? எதைப் பாக்கணும், எப்ப டாக்டர்கிட்ட போகணும்

நம்ம வீடுகள்ல சின்னப் புள்ள குறட்டை விட்டா முதல்ல சிரிப்புதான் வரும். "அப்படியே அவங்க தாத்தா", "இன்னைக்கு நல்லா ஆட்டம் போட்டான்ல, அசந்து தூங்குறான்", இப்படி ஏதாவது சொல்லிட்டு லைட்டை அணைச்சுட்டுப் போயிருவோம். சளி புடிச்ச நாலு நாள் குறட்டை விட்டா அது சரிதான், சளி போனா சத்தமும் போயிரும். ஆனா சளியே இல்ல, அப்பவும் வாரத்துல மூணு நாலு ராத்திரி சத்தம் கேக்குதுன்னா மூச்சு போற வழி எங்கேயோ குறுகியிருக்குன்னு அர்த்தம், அந்தப் புள்ள தூங்கிக்கிட்டே மூச்சுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கலாம்.

பயப்படுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு சொல்லிடுறேன். கிட்டத்தட்ட பத்துல ஒரு குழந்தை அடிக்கடி குறட்டை விடும். அதுல பெரும்பாலானவங்களுக்கு வெறும் சத்தம்தான். தூக்கத்துல மூச்சு அடைபட்டு அடைபட்டுப் போற பிரச்சனை, டாக்டருங்க ஸ்லீப் அப்னியான்னு சொல்றாங்களே, அது 100 குழந்தைகள்ல 1ல இருந்து 5 பேருக்குத்தான் இருக்கும். நம்ம புள்ள இந்த ரெண்டுல எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. அதை சத்தத்தை வச்சு கண்டுபிடிக்கவே முடியாது, ஊரையே எழுப்புற மாதிரி குறட்டை விடுற புள்ளைக்கு ஒன்னுமே இல்லாம இருக்கலாம், லேசா கர்ருனு சத்தம் வர்ற புள்ளைக்குப் பெரிய பிரச்சனை இருக்கலாம்.

ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி டாக்டர் பேசுறது புரியும். தொண்டையில ரெண்டு பக்கமும் டான்சில்னு சதை உருண்டை இருக்கு, மூக்குக்குப் பின்னாடி, உள்நாக்குக்கு மேல, கண்ணாடில பாத்தா தெரியாத இடத்துல அதே மாதிரி அடினாய்டுன்னு ஒரு சதை இருக்கு. 2 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் இந்த ரெண்டும் பெருசா இருக்கும், ஆனா தொண்டைக் குழாய் இன்னும் சின்னதுதான். முழிச்சிருக்கும்போது தொண்டைத் தசைங்க வழியைத் திறந்து புடிச்சுக்கும், தூங்குனதும் அது தளர்ந்துரும். ரோஸ்மில்க்கை மெல்லிசு ஸ்ட்ரா போட்டு வேகமா உறிஞ்சுனா ஸ்ட்ரா நடுவுல ஒட்டிக்கும் பாருங்க, அதேதான் தொண்டையில நடக்குது. டீன் ஏஜ் வர்றப்ப அடினாய்டு தானா சுருங்கிரும், அதனாலதான் பெரியவங்க "வளர வளர சரியாப் போயிரும்"னு சொல்றது. அது முழுப் பொய்யில்ல, ஆனா அதுவரைக்கும் அஞ்சாறு வருஷம் புள்ள எப்படித் தூங்குச்சுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

டான்சில் அடினாய்டு மட்டும்தான் காரணம்னும் இல்ல. தூசி அலர்ஜி, ஆஸ்துமா, உடம்பு எடை அதிகம், வீட்டுல யாராவது சிகரெட் புடிக்கிறது, தாடை ரொம்பச் சின்னதா இருக்குறது, இதெல்லாமும் சேரும்.

இதெல்லாம் இருந்தா மேல படிக்காதீங்க, கிளம்புங்க

உதடு, நாக்கு நீலமாவோ சாம்பலாவோ மாறுறது. முழிச்சிருக்கும்போதே மூச்சு இழுக்க இழுக்க விலாவுக்குக் கீழ குழி விழுறது. எச்சிலை முழுங்க முடியாம வாயில வழிய விட்டுட்டு உக்காந்திருக்குறது. தட்டி எழுப்புனா சரியா முழிக்காம துவண்டு போறது. இதுல எது இருந்தாலும் 108 கூப்பிடுங்க, காலைல ஓபி தொறக்கட்டும்னு உக்காந்திருக்காதீங்க. நல்லா இருந்த புள்ள நிலக்கடலை தின்னுக்கிட்டோ சின்ன பொம்மையை வச்சு விளையாடிக்கிட்டோ இருக்கும்போது திடீர்னு இருமி அதுக்கப்புறம் மூச்சுல சத்தம் வருதுன்னா அது குறட்டை கதையே கிடையாது, மூச்சுக்குழாய்ல எதாவது போயிருக்கலாம், தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போய் நேரத்தைக் கடத்தாம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்னொன்னு, ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமான சளி வந்துக்கிட்டே இருந்தா உள்ள எதையாவது சொருகி வச்சிருக்கும், பாசிமணி, கடலை, அழிரப்பர் துண்டுன்னு எது வேணா இருக்கலாம். ரிமோட், பொம்மைல போடுற பட்டன் பேட்டரின்னு சந்தேகம் வந்தா அன்னைக்கே, அந்த நேரமே போகணும், சில மணி நேரத்துலயே உள்ள சதையை அரிச்சுரும்.

காய்ச்சல், சளியோட மூச்சு வாங்குதான்னு சந்தேகமா இருந்தா புள்ள அழாம இருக்கும்போது முழுசா 1 நிமிஷம் எண்ணுங்க. 2 மாசத்துக்குக் கீழ நிமிஷத்துக்கு 60, 2 மாசத்துல இருந்து 1 வயசு வரைக்கும் 50, 1 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் 40, இதைத் தொட்டுச்சுன்னாலே வேகமான மூச்சு, அன்னைக்கே காட்டணும்.

முதல் வேலை: ராத்திரிகளை எண்ணுங்க

சமையக்கட்டுல தொங்குற மாசக் காலண்டர் போதும். ரெண்டு வாரம், குறட்டை கேட்ட ராத்திரிக்கு ஒரு டிக், அன்னைக்கு சளி இருந்தா பக்கத்துல "ச"ன்னு ஒரு எழுத்து. வாரத்துக்கு 3 ராத்திரி இல்ல அதுக்கு மேல, அதுவும் சளி இல்லாத நாள்ல வந்துச்சுன்னா டாக்டர்கிட்ட பேசுற அளவுக்கு விஷயம் இருக்குன்னு எடுத்துக்கலாம். "எப்பவுமே விடுவான்", "எப்பவாவது விடுவான்" இந்த ரெண்டு பதிலும் டாக்டருக்கு எந்த உபயோகமும் இல்ல, ஒரே வீட்டுல அம்மா ஒன்னு சொல்வாங்க அப்பா ஒன்னு சொல்வாரு, அதான் எழுதி வைக்கச் சொல்றேன்.

ரெண்டாவது வேலை: வீடியோ எடுங்க, இதுதான் முக்கியம்

பல பேர் சறுக்குற இடம் இது. ராத்திரி பத்து மணிக்கு, புள்ள தூங்குன அரை மணி நேரத்துல போய் எட்டிப் பாத்துட்டு "நல்லாத்தான் தூங்குறா"ன்னு வந்துருவாங்க. குழந்தைங்களுக்கு இந்த மூச்சடைப்பு அதிகமா வர்றது கனவு காணுற தூக்கத்துல, அந்தத் தூக்கம் விடியக்காலைப் பக்கம்தான் ஜாஸ்தி. அதனால அலாரம் வச்சு ஒரு மூணு மணிக்கு மேல, நாலு, அஞ்சு மணி வாக்குல பாருங்க. கஷ்டம்தான், மறுநாள் ஆபீஸ் இருக்கும், ஒரு ராத்திரி அம்மா ஒரு ராத்திரி அப்பான்னு பிரிச்சுக்குங்க.

வீடியோ எடுக்கும்போது பனியனை நெஞ்சு வரைக்கும் தூக்கி விட்டுட்டு, முகமும் கழுத்தும் நெஞ்சும் வயிறும் ஒரே ஃபிரேம்ல வர்ற மாதிரி எடுங்க. ஃபேன் சத்தம் மூச்சு சத்தத்தை அமுக்கிரும், முடிஞ்சா கொஞ்ச நேரம் குறைச்சு வையுங்க. செல்போன் டார்ச்சை மூஞ்சில அடிக்காதீங்க, எழுந்துரும், பக்கத்து ரூம் லைட் வெளிச்சமே போதும். ஒரு ரெண்டு மூணு நிமிஷம் விடாம எடுங்க, பத்து செகண்ட் கிளிப்புல ஒன்னும் தெரியாது.

அப்புறம் என்ன பாக்கணும்னா, குறட்டை வந்துக்கிட்டே இருந்து திடீர்னு நின்னுருதா, சத்தம் இல்லாத அந்த நேரத்துல நெஞ்சும் வயிறும் மட்டும் அசையுதா, அப்புறம் ஒரு திணறலோட, ஒரு உலுக்கலோட மறுபடி மூச்சு வருதா. அதுதான் அடைப்பு. பெரியவங்களுக்கு 10 செகண்ட் மூச்சு நின்னாத்தான் கணக்குல எடுப்பாங்க, குழந்தைக்கு ரெண்டு மூச்சு விடுற நேரம் தவறுனாலே கணக்கு. சத்தம் நின்னதும் "அப்பாடா, குறட்டை நின்னுச்சு"ன்னு நாம நிம்மதியா திரும்பிப் படுக்குறோம் பாருங்க, பாக்க வேண்டியதே அந்த நேரத்தைத்தான்.

அடுத்து தொண்டைக் குழி, விலா எலும்பு இடுக்கு, விலாவுக்குக் கீழ, இந்த இடமெல்லாம் மூச்சு இழுக்கும்போது உள்ள போகுதா பாருங்க. வயிறு மேல வரும்போது நெஞ்சு உள்ள போகுதான்னும் பாருங்க, கைக்குழந்தைங்களுக்கு இது கொஞ்சம் இருக்கும், 3 வயசு தாண்டுன புள்ளைக்கு இருந்தா அது சரியில்ல.

படுக்குற தினுசும் நிறைய சொல்லும். கழுத்தைப் பின்னால வளைச்சு அண்ணாந்து தூங்குறது, உக்காந்த வாக்குல தூங்குறது, குப்புறப் படுத்து பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டுத் தூங்குறது, ராத்திரி பூரா பாய் முழுக்க உருண்டு காலைல வேற மூலைல கிடக்குறது. அடைச்ச வழியைத் திறக்க அந்த உடம்பு தானா ஒரு வசதி தேடுது, நாம அதைச் சேட்டைன்னு நினைச்சு இழுத்து நேரா படுக்க வைக்கிறோம். வேர்வையும் அப்படித்தான், நம்ம ஊரு வெக்கைக்கு யாருக்கு வேர்க்காதுன்னு கேக்கலாம், மத்தவங்கல்லாம் ஃபேன் காத்துல காஞ்சு கிடக்கும்போது இவன் தலையும் தலைகாணியும் மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்கான்னு பாருங்க.

கொரோனா சமயத்துல வாங்குன ஆக்ஸிமீட்டர் இன்னும் பல வீட்டுல பீரோவுல கிடக்குது, அதை எடுத்து மாட்டி 98ன்னு காட்டுதே அப்ப ஒன்னுமில்லன்னு முடிவு பண்ணிராதீங்க. பெரியவங்க விரலுக்குச் செஞ்ச கிளிப் சின்ன விரல்ல லொடலொடன்னு இருக்கும், அது போக ஆக்ஸிஜன் இறங்காமலே தூக்கம் துண்டு துண்டா உடையுற குழந்தைங்க நிறைய. ஸ்மார்ட் வாட்ச், குறட்டை ஆப் இதெல்லாம் பெரியவங்களுக்குன்னு செஞ்சது, அதை நம்பி முடிவெடுக்காதீங்க.

மூணாவது: பகல்ல எப்படி இருக்கான்

பெரியவங்களுக்கு ராத்திரி தூக்கம் கெட்டா பகல்ல தூங்கி விழுவாங்க. குழந்தைங்க அப்படியே தலைகீழ், துறுதுறுன்னு இருக்கும், ஒரு இடத்துல உக்காராது, சின்ன விஷயத்துக்கு அழுது புரளும். ஸ்கூல்ல மிஸ் டைரில "கவனிப்பதில்லை, பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறான்"னு எழுதி அனுப்புவாங்க, வீட்டுல அதுக்கு அடி விழும். கவனக்குறைவு நோய், ஏடிஹெச்டின்னு சந்தேகப்பட்டு ஓடுறதுக்கு முன்னாடி இந்தப் புள்ள குறட்டை விடுதான்னு ஒரு கேள்வி கேக்குறது நல்லது. ரொம்ப நாளா ஸ்லீப் அப்னியாவைப் பெரியவங்க வியாதின்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க, 1976ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு டாக்டருங்க 8 குழந்தைகளைப் பத்தி எழுதுனதுக்கு அப்புறம்தான் குழந்தைகள்கிட்டயும் இதைத் தேட ஆரம்பிச்சாங்க. அதனால உங்க மாமியாருக்கு இது புதுசா இருந்தா அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

மத்த அடையாளங்கள்: காலைல எழுந்ததும் தலைவலி, வாய் காஞ்சு போயி தண்ணி கேக்குறது, பகல்லயும் வாயைத் திறந்தே வச்சிருக்குறது, மூக்கை அடைச்சுக்கிட்டு பேசுற மாதிரி குரல், சாப்பாட்டை மென்னு முழுங்க ரொம்ப நேரம் எடுக்குறது. மூக்கும் அடைச்சு வாயிலயும் சோறு இருந்தா மூச்சு எங்க விடும் பாவம், அதான் தட்டை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கும். டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறானா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறானான்னும் பாருங்க, அடினாய்டு பெருசானா காதுக்குப் போற குழாயும் அடைச்சு காதுக்குள்ள நீர் கோத்துக்கும், காது சரியா கேக்காது.

படுக்கைல ஒன்னுக்குப் போறது தனியா சொல்லணும். 6 மாசம், அதுக்கு மேல நனைக்காம இருந்த புள்ள மறுபடி நனைக்க ஆரம்பிச்சா, கூடவே குறட்டையும் இருந்தா, ரெண்டையும் சேத்துதான் டாக்டர்கிட்ட சொல்லணும். பெரும்பாலும் வெக்கத்துல இதைச் சொல்ல மாட்டாங்க. அதே மாதிரி எடை ஏறாம, உயரம் கூடாம இருக்குற புள்ளையும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்குறது ஆழ்ந்த தூக்கத்துலதான், தூக்கமே உடைஞ்சு உடைஞ்சு போனா வளர்ச்சியும் அடிபடும். உங்க புள்ளை எவ்வளவு நேரம் தூங்கணும்னு ஒரு அளவு வச்சுக்குங்க, 1-2 வயசுக்கு பகல் தூக்கமும் சேத்து 11ல இருந்து 14 மணி நேரம், 3-5 வயசுக்கு 10ல இருந்து 13, 6-12 வயசுக்கு 9ல இருந்து 12. இவ்வளவு தூங்கியும் காலைல எழுப்ப படாத பாடு பட வேண்டியிருக்குன்னா தூக்கத்தோட தரத்துல கோளாறு.

நாலாவது: வீட்டுல செய்யலாம், செய்யக்கூடாது

செய்யலாம்கிறது சின்ன லிஸ்ட்தான். மெடிக்கல்ல உப்புத்தண்ணி மூக்கு சொட்டு மருந்து, நேசல் சலைன்னு கேட்டா குடுப்பாங்க, படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூக்குலயும் விட்டு சிந்த வைங்க. தலைகாணி உறை, பெட்ஷீட் வாரம் ஒரு தடவை சுடுதண்ணில அலசிக் காய வைங்க, புசுபுசு கரடி பொம்மையெல்லாம் படுக்கையை விட்டு எடுத்துருங்க. படுக்குற ரூம்ல கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி புகை வேண்டாம், கொசுவலை கட்டுங்க. சிகரெட்டை மொட்டை மாடில போய் புடிச்சுட்டு வந்தாலும் சட்டைல ஒட்டிக்கிட்டு வரும், நிறுத்துறதுதான் வழி. புள்ள எடை அதிகமா இருந்தா பட்டினி போடாம, பாக்கெட் நொறுக்குத்தீனி, ஜூஸை குறைச்சு சாயங்காலம் தெருவுல விளையாட விடுங்க.

செய்யக்கூடாதுதான் பெருசு, ஏன்னா நம்ம ஊர்ல பாட்டி வைத்தியமும் வாட்ஸ்அப் வைத்தியமும் சேந்து ஓடுது. கற்பூரத்தைத் தேங்காண்ணெயில காச்சி நெஞ்சுல, மூக்குல தடவுறது, சின்னப் புள்ளைக்கு இது விஷம், உள்ள போனா வலிப்பே வரும். தைலம், ரப் இதெல்லாம் 2 வயசுக்குக் கீழ கிடையவே கிடையாது, அதுக்கு மேலயும் மூக்குக்குள்ள தடவக் கூடாது. குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் ஊத்தி ஊதுறது ரொம்ப ஆபத்து, அந்த எண்ணெய் நுரையீரல்ல இறங்கி நிமோனியா வந்து ஆஸ்பத்திரில கிடந்த கைக்குழந்தைங்க உண்டு. உடனே மூக்கு திறக்குற சொட்டு மருந்தை, பேர்ல "மெட்டாசோலின்"னு முடியும், டாக்டர் சொல்லாம போடாதீங்க, அஞ்சு நாளைக்கு மேல போனா மருந்தாலயே மூக்கு அடைச்சுக்கும். தூக்கம் வர்ற சளி சிரப் குடுத்தா நல்லா தூங்குவான்னு ஒரு நினைப்பு இருக்கு, மூச்சடைப்பு இருக்குற புள்ளைக்கு அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி விட்டுரும். வாயில டேப் ஒட்டித் தூங்க வைக்கிறது இப்ப ரீல்ஸ்ல ஓடுது. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், மூக்கு அடைச்ச புள்ளைக்கு இருக்குற ஒரே வழி அந்த வாய்தான்.

ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்குத் தலைக்கு உயரமா தலைகாணி வைக்காதீங்க, மல்லாக்க, தட்டையான படுக்கைல படுக்க வைக்கிறதுதான் பாதுகாப்பு. பொறந்த சில வாரத்துல இருந்து மூச்சு இழுக்கும்போது மட்டும் கீச்சுன்னு ஒரு சத்தம், அழுதா, பால் குடிச்சா, மல்லாக்க படுத்தா கூடுதுன்னா அது குரல்வளை இளசா இருக்குறதால இருக்கலாம், முக்கால்வாசி ஒன்னரை ரெண்டு வயசுக்குள்ள தானா போயிரும். ஆனா குழந்தை டாக்டர் ஒரு தடவை பாத்து சொல்லட்டும், நீங்களா முடிவு பண்ண வேண்டாம். பால் குடிக்கத் திணறுது, எடை ஏறலன்னா சீக்கிரமே காட்டுங்க.

அஞ்சாவது: யார்கிட்ட போறது, என்ன சொல்றது

முதல்ல உங்க வழக்கமான குழந்தை டாக்டர். அவர் பாத்துட்டு ஈஎன்டிக்கு அனுப்புவாரு. செலவு யோசனை இருந்தா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்க இருக்கு, சென்னைல எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி, மதுரைல ராஜாஜி ஆஸ்பத்திரின்னு, காலைல சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்கணும், அவ்வளவுதான். எங்க போகணும்னே தெரியலன்னா 104க்கு போன் பண்ணிக் கேக்கலாம்.

உள்ள போனதும் டாக்டர் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். "சளி டாக்டர், அடிக்கடி சளி"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா சளிக்கு மருந்து எழுதி அனுப்பிருவாங்க, குத்தம் அவங்க மேல இல்ல. இப்படிச் சொல்லுங்க: "ரெண்டு வாரமா குறிச்சு வச்சிருக்கோம், சளி இல்லாமலே வாரத்துல இத்தனை ராத்திரி குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறுறான், வீடியோ இருக்கு, காட்டட்டுமா?" அப்புறம் படுக்கை நனைக்கிறது, ஸ்கூல் விஷயம், எடை. நீளமான வீடியோல எந்த நிமிஷத்துல திணறல் வருதுன்னு முன்னாடியே பாத்து வச்சுக்குங்க, அங்க போய் தேடிக்கிட்டிருக்காதீங்க.

டெஸ்ட்னு பாத்தா, டான்சில் வாயைத் திறந்தாலே தெரியும். அடினாய்டுக்கு கழுத்தைப் பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே, இல்லன்னா மூக்கு வழியா மெல்லிசு கேமரா ட்யூப் விட்டுப் பாப்பாங்க, கொஞ்சம் கூச்சமா இருக்கும், புள்ள அழும், ஆனா சீக்கிரம் முடிஞ்சுரும். டான்சில் பெருசா இருக்குறதை மட்டும் வச்சு மூச்சடைப்பு இருக்கு இல்லன்னு உறுதியா சொல்ல முடியாது, அதுக்குத்தான் ஸ்லீப் ஸ்டடி. ஒரு ராத்திரி அங்க தங்கணும், தலை, நெஞ்சு, விரல், மூக்குன்னு ஒயர் ஒட்டுவாங்க, ஊசி கிடையாது, நீங்க பக்கத்துலயே படுத்துக்கலாம், வழக்கமா கட்டிப்புடிச்சுத் தூங்குற துணியை எடுத்துட்டுப் போங்க. ரிப்போர்ட்ல ஏஹெச்ஐன்னு ஒரு நம்பர் இருக்கும், மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைபட்டுச்சுங்குற கணக்கு அது. பெரியவங்களுக்கு 5 வரைக்கும் விட்டுருவாங்க, குழந்தைக்கு 1க்கு மேல போனாலே சரியில்ல, 5 வரைக்கும் லேசு, 5ல இருந்து 10 நடுத்தரம், 10க்கு மேல தீவிரம். பெரியவங்க அளவை வச்சு நீங்களே கூகுள்ல பாத்து "4தானே"ன்னு சமாதானம் ஆயிராதீங்க.

இந்த டெஸ்ட் எல்லா ஊர்லயும் கிடைக்காது, காசும் ஆகும், அதனால அறிகுறி தெளிவா இருக்குற, வேற நோய் எதுவும் இல்லாத புள்ளைக்கு டெஸ்ட் இல்லாமலே பல டாக்டருங்க முடிவெடுக்குறாங்க. ஆனா 2 வயசுக்குக் கீழ, ரொம்ப எடை, முக அமைப்புல மாற்றம், தசை பலவீனம், இதுல எதாவது இருந்தா டெஸ்ட் வேணுமான்னு நீங்களே கேளுங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு அறிகுறி இருந்தாலும் இல்லன்னாலும் 4 வயசுக்குள்ள ஒரு ஸ்லீப் ஸ்டடி எடுக்கணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லுது, இதைப் பல பெத்தவங்களுக்கு யாரும் சொல்றதே இல்ல.

ஆறாவது: வைத்தியம்

லேசா இருந்தா, அலர்ஜியும் இருந்தா, மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே சில வாரத்துக்கு எழுதுவாங்க. ஸ்டீராய்டுன்னதும் பதறாதீங்க, மூக்குலயே வேலை செய்யுறது, உடம்புக்குள்ள போறது ரொம்பக் கம்மி, ஆனா சரியா அடிக்கணும். தலையை லேசா முன்னால குனிய வச்சு, ஸ்ப்ரே முனை மூக்கு நடுச்சுவரைப் பாக்காம அந்தப் பக்கத்துக் கண்ணு ஓரத்தைப் பாக்குற மாதிரி புடிச்சு அடிங்க, அடிச்சதும் சர்ருனு உறிஞ்ச விடாதீங்க, உறிஞ்சுனா தொண்டைக்குப் போயிரும். ரெண்டு நாள் அடிச்சுட்டு கேக்கலன்னு விட்டுராதீங்க. கூட மான்டெலூகாஸ்ட் மாத்திரை எழுதிருந்தா புள்ளையோட நடத்தையைக் கவனிங்க, கெட்ட கனவு, எரிச்சல், மனசு மாற்றம் தெரிஞ்சா உடனே டாக்டருக்குச் சொல்லுங்க, 2020ல அமெரிக்க மருந்துத் துறை இதுக்குன்னே கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கு.

நடுத்தரம், தீவிரம்னா டான்சிலும் அடினாய்டும் எடுக்குற ஆபரேஷன்தான் முதல் வழி. "எடுத்தா குரல் போயிரும், எதிர்ப்பு சக்தி போயிரும்"னு சொந்தக்காரங்க எல்லாரும் வரிசையா வந்து சொல்வாங்க. குரல் போகாது, அடைச்ச குரல் தெளியும், கொஞ்ச நாள் வேற மாதிரி இருக்கும் அவ்வளவுதான். எதிர்ப்பு சக்திக்கு உடம்புல வேற இடங்கள் நிறைய இருக்கு. அதே சமயம் எல்லா குறட்டைக்கும் கத்தி வைக்கணும்னும் இல்ல. அமெரிக்காவுல 5ல இருந்து 9 வயசு வரைக்கும் உள்ள 464 குழந்தைகளை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேரை கவனிச்சுக்கிட்டே இருக்குறதுன்னு பாத்து 2013ல வெளியிட்டாங்க. 7 மாசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணவங்கள்ல 79 சதவீதம் பேருக்கு ஸ்லீப் ஸ்டடி நார்மல், சும்மா கவனிச்சவங்கள்லயும் 46 சதவீதம் பேருக்கு நார்மல் ஆயிருந்துச்சு. நடத்தை, தூக்கம் எல்லாம் ஆபரேஷன் பண்ண பக்கம் நல்லா இருந்துச்சு, கவனத்துக்கு வச்ச டெஸ்ட் மார்க்குல பெரிய வித்தியாசம் வரல. ஆக, லேசான பிரச்சனைக்கு டாக்டர் "கொஞ்ச நாள் பாப்போம்"னா அது தட்டிக் கழிக்கிறது இல்ல, எத்தனை மாசம், எதைப் பாக்கணும், எப்ப திரும்ப வரணும்னு கேட்டு எழுதிட்டு வாங்க. தேதி இல்லாத "பாப்போம்"தான் வேண்டாம்.

ஆபரேஷன்னு முடிவாச்சுன்னா மயக்க டாக்டர்கிட்ட குறட்டை, மூச்சு நிக்கிறது, ஆஸ்துமா, வீட்டுல யாருக்காவது ரத்தம் சீக்கிரம் உறையாத பிரச்சனை, எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க. ஆடுற பால்பல் இருந்தா அதையும் சொல்லணும், 6-7 வயசுல கண்டிப்பா ஒன்னு ஆடும், மயக்கத்துல விழுந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரக் கூடாதுல்ல. முந்தின வாரம் காய்ச்சல் சளின்னா தள்ளி வைப்பாங்க. பட்டினி நேரத்தை அப்படியே கடைப்பிடிங்க, பாலைத் தண்ணின்னு நினைச்சுராதீங்க, அது சாப்பாட்டுக் கணக்குலதான் வரும், "பாவம் அழுவுறான்"னு பாட்டி ஒரு டம்ளர் பால் குடுத்துட்டா அன்னைக்கு ஆபரேஷனே கேன்சல். 3 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கும், மூச்சடைப்பு தீவிரமா இருக்குற புள்ளைக்கும் அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிலயே வச்சுப் பாக்கணும், சாயங்காலமே அனுப்புறேன்னா ஏன்னு கேளுங்க.

ஏழாவது: ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வாரம்

வலி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும், நடுவுல அஞ்சாவது ஆறாவது நாள் கூடுன மாதிரியும் தோணும். காது வலிக்குதும்பான், அது தொண்டை வலிதான் காதுல தெரியுது. தொண்டையில வெள்ளையா படிஞ்சிருக்கும், வாய் நாறும், ரெண்டும் சகஜம். பாராசிட்டமால் எடைக்கு ஏத்த அளவுல டாக்டர் எழுதித் தருவாரு, வலி வந்ததும் குடுக்காம நேரத்துக்குக் குடுங்க. சிரப் பாட்டில்ல 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்னு படிச்சுப் பாருங்க, 120, 250ன்னு வேற வேற வரும், பழைய பாட்டில் அளவுல புது பாட்டிலை ஊத்துனா இரட்டிப்பாயிரும். கோடீன், டிரமடால் உள்ள மருந்து குழந்தைக்கு வேண்டாம், டான்சில் எடுத்த குழந்தைங்க மூச்சு நின்னு இறந்த பிறகு 2013லயே கோடீனுக்கு அமெரிக்காவுல தடை எச்சரிக்கை வந்துருச்சு. ஆஸ்பிரினும் கூடாது.

சாப்பாட்டை விட தண்ணிதான் முக்கியம், குடிக்காம இருந்தா வலி கூடும், அதுக்கு பயந்து இன்னும் குடிக்காது. இளநீர், மோர், ஆறுன கஞ்சி, குழைஞ்ச தயிர் சாதம், ஐஸ்கிரீம் தாராளமா குடுங்க. ஐஸ்கிரீம் குடுத்தா சளி புடிக்கும்னு யாராவது சொன்னா ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. முறுக்கு, மிக்சர், காரம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

ரத்தம் விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. முதல் 24 மணி நேரம் ஒரு ஆபத்து, அப்புறம் அந்தப் பொருக்கு உதிருற 5ல இருந்து 10 நாளுக்குள்ள இன்னொரு ஆபத்து. சிவப்பா துப்புனாலோ, கறுப்பா வாந்தி எடுத்தாலோ, தூக்கத்துல அடிக்கடி எதையோ முழுங்கிக்கிட்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி, நின்னுருச்சுன்னாலும் போய்க் காட்டிட்டு வாங்க. இதுக்காகவே ரெண்டு வாரத்துக்கு ஊருக்கு, குலதெய்வக் கோயிலுக்குன்னு ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க.

வீக்கம் இருக்குறதால முதல் வாரம் ரெண்டு வாரம் குறட்டை இருக்கும், காசு போச்சேன்னு கலங்க வேண்டாம். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி காலண்டரை எடுத்து ரெண்டு வாரம் டிக் போடுங்க, விடியக்காலை வீடியோவும் ஒன்னு. எடை அதிகமா இருக்குற புள்ளைங்க, ஆஸ்துமா உள்ளவங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி ரொம்பத் தீவிரமா இருந்தவங்க, இவங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அப்படி இருந்தா மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பாத்துட்டு மாஸ்க் வழியா காத்து குடுக்குற சிபேப் மெஷினோ, மேல் தாடை குறுகலா இருந்தா அதை அகலப்படுத்துற பல் கிளிப்போ சொல்வாங்க. அந்த வீடியோ ரெண்டையும், ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்ததையும் இப்ப எடுத்ததையும், அழிக்காம வச்சிருந்து டாக்டர்கிட்ட அடுத்தடுத்து போட்டுக் காட்டுங்க.